உள்ளே போன அக்கா

லிஃப்டுக்காரர் இரண்டாவது முறையாகப் பிறந்து அறுபத்தோரு நாள் ஆகியிருந்தபோது, காலையில் பல் துலக்கிக்கொண்டே தற்செயலாகத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்திருந்தது.

இரண்டாவது பிறவி என்பது அவராகக் கட்டிவிட்ட கதை அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்றிய நாளை ஆஸ்பத்திரியில் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். முதல் பிறவியில் போட்ட தடுப்பூசிகள் எல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விட்டன, கைக்குழந்தைகளுக்குப் போடுகிற ஊசிகளை மறுபடி வரிசையாகப் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழந்தைக்கு வயது ஐம்பத்திரண்டு. தலைமுடியும் இரண்டு மாதக் குழந்தைக்கு இருக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

சிவப்பு என்றால் வெயிலில் நின்ற சிவப்பு அல்ல. யாரோ உட்கார்ந்து பிரம்பால் ஒரே இடத்தில் நிதானமாக அடித்துவிட்டுப் போன சிவப்பு. சோப்புப் போட்டுப் பார்த்தார். போகவில்லை. குழாயை மூடிவிட்டு, குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்த மாத்திரத்திலேயே, இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லத் தெரியாமல் இல்லை. உள்ளங்கை சிவந்தால், வாயில் புண் வந்தால், கண் காய்ந்தால், வயிறு போனால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் போன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளை, மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். எதையும் கோணாமல் ஒட்டுவாள். அவரைக் கிருமி அண்டக்கூடாது என்று அவள் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தாள், அது எல்லா வீட்டிலும் செய்வது. தட்டைக் கொதிக்கவைத்தாள், கரண்டியைக் கொதிக்கவைத்தாள், கொதிக்கவைத்த பாத்திரத்தை இன்னொரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தாள். செய்தித்தாளை இஸ்திரி போட்டுத்தான் கையில் கொடுத்தாள். அவரும் சூடான செய்திகளாகவே படித்துவந்தார். சுவர்க் கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்து எண்களில் நான்கும் ஐந்தும் அழிந்து, அந்த வீட்டில் மூன்று மணிக்குப் பிறகு நேரே ஆறு மணிதான். கொசு ஒன்று ஜன்னல் வரை வந்து, உள்ளே அடிக்கும் மருந்து வாடையைப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று திரும்பிப் போனதை எதிர்வீட்டுக்காரரே கண்ணால் பார்த்திருக்கிறார்.

அவ்வளவு பாதுகாப்பும் வெளியிலிருந்து வருகிறவனுக்கு. இது உள்ளே இருந்து வந்தது. உள்ளே இருந்தது அக்கா.

அக்கா ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். நான்கு மாடி, நூற்று நாற்பது பெண்கள். மூன்றாம் மாடியில் அக்கா தொண்டையைச் செருமினால் கீழ்த்தளத்தில் விளக்குகள் தாமாக அணையும். ஒரு தடவை அக்கா விடுப்பில் இருந்தபோது சுவரேறிக் குதித்த திருடன் ஒருவன், மேசைமேல் இருந்த அவள் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீடுகளில் எடுத்த சாமான்களையும் அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போனான். வாசலில் நின்று ஒரு பெண் "லைப்ரரிக்குப் போயிருந்தேன் மேடம்" என்று வாயைத் திறக்கும்போதே, அவள் பார்த்த படம் எது, உட்கார்ந்த நாற்காலி எத்தனையாவது என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அந்த அக்கா பதினோரு வருஷம் தம்பியோடு பேசவில்லை. விடுதியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா அன்று, நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள ஒரு பெரிய மனுஷி நான்காம் மாடியில் வந்து பேசுவதாக இருந்தது. விடுதி லிஃப்டைப் பராமரித்துவந்த தம்பி, காலையில் அதை ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு, மேலே எங்கேயோ 'டிக்' என்று சத்தம் வருகிறது என்று சொல்லி, கதவைப் பூட்டி, 'பழுது' என்ற பலகையை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெரிய மனுஷி இரண்டாம் மாடி வரை ஏறினார். அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே பேசி, அங்கேயே பரிசு கொடுத்து, அங்கேயே சாப்பிட்டு, மறுநாள் காலைதான் இறங்கினார். "ஒரு டிக்குக்காக என் மானத்தை வாங்கிட்டல்ல? இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. சொன்னால் சொன்னதுதான்.

அவருக்கு ரத்தப் புற்று வந்து, மஜ்ஜை கொடுக்க ஆள் தேடியபோது, பொருந்தியது அக்கா ஒருத்திதான். பத்துக்குப் பத்து. டாக்டரம்மாவின் அறையில் தம்பிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல எந்தப் பாடத்துலயும் அவனுக்குப் பத்துக்குப் பத்து வந்ததில்ல டாக்டர். இதுலயாவது வந்துதே. எடுத்துக்கோங்க. ஆனா பேச மாட்டேன். அதுக்கும் கையெழுத்துப் போடணுமா?"

டாக்டரம்மா அன்று எல்லாவற்றையும் விளக்கினார். கொடுத்தவருடைய அணுக்கள் சில சமயம் புது உடம்பைத் தன் வீடு என்று நினைக்காமல் எதிரி என்று நினைத்துத் தாக்கும், அப்படி நடந்தால் சீக்கிரம் சொன்னால் அடக்கலாம், தாமதித்தால் கஷ்டம் என்றார். வெளியே வந்து ஆறாவது மாடியில் லிஃப்ட் ஏறினார்கள். நல்ல கூட்டம். கதவு மூடியதும் மனைவி அவர் காதருகே, அவளுக்கே உரிய மெல்லிய குரலில், அதாவது தபால் அலுவலகத்தின் கடைசி வரிசை வரை கேட்கும் குரலில், சொன்னாள்: "பதினோரு வருஷம் அண்ணி வெளியில இருந்து செஞ்சதை இனிமே உள்ள இருந்தே செய்வாங்க."

அக்கா அவர்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

முப்பது வருஷம் லிஃப்டோடு குடித்தனம் நடத்தியவர் அவர். நடுவில் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது சம்பந்தியாகிவிட்ட இரண்டு குடும்பங்களைப் பார்த்திருக்கிறார். ஆனால் ஆறு மாடி இறங்க அவ்வளவு நேரமான லிஃப்டை அவர் பார்த்ததில்லை. கீழே கதவு திறந்ததும் அக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே நடந்து போனாள். போனவள், சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால், இடுப்பெலும்பில் ஊசி குத்திக்கொள்ள வந்து படுத்தாள்.

அன்று சாயங்காலம் அக்காவின் மஜ்ஜை நிரப்பிய சிவப்புப் பை அவர் உடம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தபோது, அவரைத் தனியாக வைத்திருந்த அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. இடுப்பு வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, பேசும் கருவியைக் கையில் எடுத்து, பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"டேய். உள்ள போயிருக்கிறது நான். ஒழுங்கா நடந்துக்கோ."

அவர் அழுதார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டுக்கு வந்தாள். இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு, வாசற்படியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னடா, என் சரக்கு எப்படி இருக்கு?" என்பாள். "முதல் தரம்க்கா" என்பார் அவர். மனைவி கொதிக்கவைத்த டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைப்பாள். லிஃப்டில் பேசிய பேச்சை மூன்று பேரில் ஒருவரும் மறக்கவுமில்லை, எடுக்கவுமில்லை.

இப்போது உள்ளங்கை சிவந்திருந்தது. இதைச் சொன்னால் மனைவியின் வாக்குப் பலித்ததாகிவிடும். அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பதினோரு வருஷம் பழக்கம் இருக்கிறது. போகாமல், தம்பியைத் தின்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த வாசற்படி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால்? அதை நினைக்கும்போதே அவருக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. அடுத்த வாரத்தில் அடிவயிறு உண்மையாகவே செய்ய ஆரம்பித்தது.

முதலில் நாளைக்கு மூன்று தடவை. பிறகு ஐந்து. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து பாடினார். ஜென்மத்தில் பாடாதவர். பக்கத்து வீட்டில் ஒருவர், சார் குணமாகிவிட்டார் போல, குரல் வந்துவிட்டதே என்று விசாரித்தார். வாய்க்குள் புண் வந்து, கஞ்சிகூடக் கண்ணாடித் தூள் மாதிரி இறங்கியது. "ருசியா இருக்காங்க?" என்று மனைவி கேட்டால், "அதான் மெதுவா சாப்பிடறேன்" என்பார். கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. அழலாம் என்று பார்த்தால் கண்ணீர் வரவில்லை, சுரப்பி காய்ந்துவிட்டிருந்தது. அழுகை முழுவதும் தொண்டையிலேயே நடந்தது.

எடை குறைந்தது. அங்கேதான் அவருடைய தொழில் கைகொடுத்தது. லிஃப்ட் என்பது ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் அதற்குச் சமமாகத் தொங்கும் இரும்பு எடை, அவ்வளவுதான். இங்கே குறைந்தால் அங்கே ஈடு கட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பைகள் வைத்த பழைய வேலைக் கால்சட்டையை எடுத்தார். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானூறு கிராம் பேரிங் ஒன்று. அடுத்த தடவை இரண்டு உருளை, ஒரு பிரேக் கட்டை. கிராம் கிராமாக, சொந்த உடம்பு போன அளவுக்கு இரும்பு ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் கதவு ஊரைக் கூட்டியது. காவலாளி சிரித்துக்கொண்டே, "என்ன சார், லிஃப்ட் சர்வீஸா? உடம்பு தேறிடுச்சா?" என்றான். "ஆமாப்பா, வேலையில சேந்தாச்சு" என்றார். எடை இயந்திரம் அறுபத்தொன்று காட்டியது. போன மாதமும் அறுபத்தொன்று. நர்ஸ் பாராட்டினார்.

எண்பதாம் நாள் அவரிடம் படிவம் கொடுத்தார்கள். மாற்று சிகிச்சை முடிந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் படிவம். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். கடந்த ஏழு நாளில் சாப்பாடு பிடித்திருந்ததா? மிகவும். உடம்பில் வலி? இல்லவே இல்லை. தூக்கம்? நன்றாக. குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றியதா? இல்லவே இல்லை. இந்தச் சிகிச்சையை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று வருந்தியதுண்டா? இந்தக் கேள்வியில் மட்டும் பேனா சற்று நின்றது. பிறகு அதற்கும் ஒரு டிக்.

படிவம் வாங்கும் பெண் கூட்டிப் பார்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், முழு மார்க்கு."

"அப்படியா?"

"வேலைக்குச் சேந்த அன்னைக்கு நானே இதை நிரப்பிப் பாத்தேன் சார். எனக்கு இதுல பாதிகூட வரல."

"சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிங்கம்மா" என்றார் லிஃப்டுக்காரர்.

டாக்டரம்மாவும் படிவத்தைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன சிவப்பு?" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நான்தான் டாக்டர், நாளைக்கு நாப்பது தடவை கை கழுவச் சொல்றேன். அந்த மருந்துத் தண்ணி சேரல போல."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு?"

"கல்லு மாதிரி இருக்கு டாக்டர்" என்றார் அவர்.

டாக்டரம்மாவுக்கு வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். "நல்லது. அப்ப அந்த வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கலாம்" என்றார்.

வெள்ளை மாத்திரை என்பது அக்காவின் அணுக்களை அடக்கிவைக்கும் மாத்திரை. அதைத்தான் குறைத்தார்கள்.

பிறகு நடந்ததைப் பாட்டுப் பாடி மறைக்க முடியவில்லை. எட்டுத் தடவை, பத்துத் தடவை. உள்ளங்கைச் சிவப்பு முழங்கை வரை ஏறி, மார்பில் இறங்கி, தோல் உரிய ஆரம்பித்தது. மதிய வேளைகளில், மனைவி மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, அவர் குளியலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தரை மட்டும்தான் சில்லென்று இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். அறுந்து விழுந்த எந்த லிஃப்டும் முன்னறிவிப்பில்லாமல் அறுந்ததில்லை. முதலில் ஒரு டிக், பிறகு ஒரு உராய்வு, பிறகு நடுக்கம். அதை எவனோ ஒருவன் கேட்டும் கேட்காததுபோல் இருந்திருப்பான். அந்த எவனோ ஒருவனை முப்பது வருஷம் வாயில் வந்தபடி திட்டியவர் அவர். இப்போது சாவி அவர் பையிலேயே இருந்தது. ஒரு போன். 'டாக்டர், எனக்கு முடியல.' மூன்று வார்த்தை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நூறாவது நாள் பெரிய பரிசோதனை இருக்கிறது, அதுவரை தாக்குப்பிடித்தால் அதுவாகவே அடங்கிவிடும் என்று நினைப்பார். அடங்காது என்றும் தெரியும். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, முகத்தைத் துடைத்து, சிரித்த முகத்தைப் பொருத்திக்கொண்டு வெளியே வருவார். செத்துப்போவதைவிட அது கஷ்டமான வேலையாக இருந்தது.

தொண்ணூற்றேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி. அக்கா வந்து வாசற்படியருகே உட்கார்ந்தாள்.

"என்னடா, என் சரக்கு எப்படி இருக்கு?"

"முதல் தரம்க்கா. ஒரு நிமிஷம், வந்துர்றேன்."

குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் போட்டார். குழாயைத் திறந்தார். பாட்டைத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குனிந்து பார்த்தபோது தண்ணீர் முழுக்க ரத்தமாக இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். அப்படியே சரிந்து, கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தாழ்ப்பாள் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் இருந்தது. எத்தனையோ மாடிகளில் எத்தனையோ கதவுகளை வெளியிலிருந்து திறந்துவிட்ட கை, அந்தச் சின்னத் தாழ்ப்பாளை எட்டவில்லை.

"என்னங்க?" மனைவி கதவைத் தட்டினாள். "பாட்டுச் சத்தத்தைக் காணோம்?"

"ஒண்ணுமில்ல."

"கதவைத் திறங்க."

"நல்லாத்தான் இருக்கேன்."

"தெரியுங்க நீங்க எவ்வளவு நல்லா இருக்கீங்கன்னு!" அவள் குரல் உடைந்தது. "துணி துவைக்கிறவ நான். ஒரு மாசமாத் தெரியும். திறங்க!"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்காவின் காலடி, பத்து அடி தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியை மீறிக்கொண்டு, நேரே கதவுக்கு வந்தது.

"டேய், திற. கைய எப்பவும் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டா எனக்குத் தெரியாதா? நாலு வாரத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

வெளியே தட்டுவது நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல? பக்கத்துலயே இருக்கிறவ நீ!"

"நான் எப்படிச் சொல்றது? அன்னைக்கு லிஃப்டுல வாய் தவறி ஒரு வார்த்தை விட்டுட்டேன். இப்ப நானே வந்து, பாத்தீங்களா உங்க ரத்தம்தான் அவரைத் திங்குதுன்னு சொல்லணுமா? நீங்க குடுக்காட்டி அவர் போன வருஷமே போயிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் சொல்லணுமா? நீ அன்னைக்கே சொன்ன, அதேதான் நடந்துருச்சுன்னு நானே ஒத்துக்கணுமா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லிருவான், இன்னைக்குச் சொல்லிருவான்னு வந்து உக்காந்தேன். காப்பி குடுத்துக் குடுத்து அனுப்பிவெச்ச நீ!"

"காப்பி குடுத்தது தப்பா?"

"டாக்டர்கிட்ட சொல்லாதது தப்பு!"

"உங்களுக்கு டாக்டர் நம்பர் இல்லையா?"

பதினோரு வருஷமும் தொண்ணூற்றேழு நாளும் சேர்த்துவைத்ததெல்லாம் அந்தச் சின்ன நடையில் ஒன்றாக வெடித்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டே கத்தினார்கள். உள்ளே, ஈரத்தரையில், சுவர் மெல்ல மெல்லச் சுற்ற ஆரம்பித்ததை லிஃப்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டினார்.

"மொதல்ல கதவை உடைங்க," என்றார். "அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

கதவை உடைத்தது அக்கா. தோளால் ஒரே இடி. கதவு விழுந்த வேகத்தில் தாழ்ப்பாள் ஜன்னல் வழியாகப் பறந்து போய் எதிர்வீட்டு வாசலில் விழுந்தது. அவரைத் தூக்கியதும் அக்காதான். தூக்கும்போது, "என்னடா, காத்து மாதிரி இருக்க," என்றாள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கால்சட்டைப் பையில் இரும்பு இல்லாமல் எடை பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று. டாக்டரம்மா பழைய அட்டையைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டார். அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"இத்தனை நாள் நான் இவருக்கா மருந்து குடுத்தேன், பேரிங்குக்கா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதல் வாரமே சொல்லியிருந்தா மாத்திரையிலயே அடக்கியிருக்கலாம்" என்றார். அந்தத் தாழ்ந்த குரல்தான் அதிகமாகச் சுட்டது.

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஐந்து நாள். வயிறு அடங்கவில்லை. ஆறாவது நாள் டாக்டரம்மா இரண்டு பெண்களையும் அறைக்கு வெளியே அழைத்தார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"முதல் மருந்து கேக்கல. இன்னைக்கு வேற மருந்து ஆரம்பிக்கறோம். கேட்டா கேக்கும். ஏழு நாள்ல தெரியும்."

"கேக்கலன்னா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா கையிலிருந்த அட்டையை மூடினார்.

"டாக்டர்," என்றாள் அக்கா. நூற்று நாற்பது பேரை அடக்கும் குரல் அது இல்லை. "நான் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க முடியுமா?"

"முடியாதும்மா. இப்ப அவர் உடம்புல ஓடற ரத்தமே அதுதான். அதை எடுத்தா அவர் இல்ல."

"அப்ப அதுகிட்ட யார் சொல்றது, போதும்னு?"



அக்கா உள்ளே வந்தாள். மேலங்கி, கையுறை, இரண்டு முகமூடி. மனைவி பின்னாலேயே வந்து கால்மாட்டில் நின்றாள். அக்கா கட்டில் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, போர்வைக்குள் இருந்த அவர் வயிற்றைப் பார்த்து, தொண்டையைச் செருமினாள். நடையின் கோடியில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் காரணம் தெரியாமல் அப்படியே நின்றார். எதிர் அறையில் இருமிக்கொண்டிருந்தவருக்கு இருமல் நின்றது.

"போதும்," என்றாள் அக்கா, வயிற்றிடம். "எல்லாரும் அவங்கவங்க எடத்துல போய் உக்காருங்க. இது நம்ம பையன்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப எப்படிடா இருக்கு?"

அவர் வாய் பழக்கத்தில் 'நல்லாருக்கு' என்பதற்காகத் திறந்தது. புண்ணான உதடு ஒட்டிக்கொண்டு, பிரிந்தது. அக்காவைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை எந்தப் பெண்ணின் பொய்யையும் பிடிக்கும் கண்களாக இல்லை. பொய்க்காகக் கெஞ்சும் கண்களாக இருந்தன.

"அடங்கலக்கா," என்றார். "நேத்தைவிட அதிகமா இருக்கு. ராத்திரியில இருந்து பதினாலு தடவை. பயமா இருக்கு."

ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. மனைவி கால்மாட்டில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, போர்வைக்கு மேலாக அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா சுவரில் சாய்ந்தாள். நின்றுகொண்டே முதுகு சற்று வளைந்தது. அவளுக்கு அறுபது வயது என்பது அன்றுதான் தெரிந்தது.

"சரி," என்றாள். "வேற எங்கெங்க வலிக்குது? ஒண்ணு விடாம சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கேக்க முடியாதுக்கா."

"நான் குடுத்ததுதானே. நான்தான் கேக்கணும். தலையில இருந்து ஆரம்பி."

அவர் தலையிலிருந்து ஆரம்பித்தார். உச்சந்தலையில் தொட்டாலே எரிகிறது. கண்ணை மூடினால் இமை கிழிகிறது. வெளிச்சம் அடிக்கிறது, இருட்டும் அடிக்கிறது. நாக்கு அவருடையதாக இல்லை, தண்ணீர்கூட உப்பாக இருக்கிறது. விழுங்கும்போதெல்லாம் யாரோ உள்ளேயிருந்து கத்தியைப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக, வாய் வலிக்கும்போது நிறுத்தி, மறுபடி தொடங்கி, மெதுவாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். மனைவி இரண்டு இடத்தில், "அது எனக்குத் தெரியாதேங்க" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து புது மருந்தின் முதல் பையை மாட்டினார். தலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தவர் அப்போதுதான் முழங்காலுக்கு வந்திருந்தார்.